ஏற்காடு ரோட்டில் ஒரு கதை

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை, வேலை ஓசூரில். போன வாரம் ரூமில் ஒரு பேச்சு: யாரைப் பற்றி, எந்தச் சம்பவத்தைப் பற்றிப் படம் வர வேண்டும் என்று. மதுரைக்காரனும் திருநெல்வேலிக்காரனும் ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். நான் தீரன் சின்னமலை என்றேன். ஈரோட்டுக்காரன் ஒருவன் ‘அவர் எங்க ஆளு’ என்று பிடுங்கிக்கொண்டான். சரி, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. சேலத்தில் அவ்வளவுதானா? (சங்ககிரிக் கோட்டைக்கு நான் இன்னும் போனதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

க.

அன்புள்ள க.,

சின்னமலையை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். அவர் கோட்டை கட்டிய ஓடாநிலை ஈரோட்டுப் பக்கம்தான், சரி. ஆனால் 1805 ஜூலை 31 அன்று அவரைத் தூக்கிலிட்டது சங்ககிரிக் கோட்டையில். கிளைமாக்ஸ் நம் மாவட்டத்தில். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்’ என்றாராம். கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. இன்டர்வெல் வசனத்தை ஜனங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு என்னவோ அவரைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லும் அந்தச் சமையல்காரன் மேல்தான் கண். தினமும் சோறு போட்ட கை. அவன் பக்கமிருந்து கதை சொல்ல யாராவது துணிந்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.

டி.ஆர். சுந்தரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து, 1935இல் சேலத்தில் ஸ்டூடியோ கட்டியவர். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் அங்கிருந்துதான் போனது. அவர் வாழ்க்கையைப் படமாக்க செட் செலவு எகிறும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் வேறு. சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினால், அஸ்தம்பட்டி தாண்டியதும் மத்திய சிறையின் சுவர் வரும். சின்ன வயதில் ஜன்னல் சீட்டுக்காக அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்த நாளெல்லாம் அந்தச் சுவரை எண்ணிக்கொண்டு போவேன், முடியவே முடியாது போலிருக்கும். அப்புறம் கோரிமேடு, அடிவாரம், கொண்டை ஊசி வளைவு, வாந்தி. சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல்.

1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகி 16 நாள். அந்தச் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் நம் ஊர் ஜெயிலுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒரே சிறையில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் அன்றைக்கே போய்விட்டார், மகன் பிழைத்து நெடுங்காலம் வாழ்ந்தார்.

இதோடு நின்றால் இது பாதிப் படம். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகை இந்தச் சம்பவத்தைக் கடுமையாக எழுதியது. சென்னை அரசு மார்ச் 1ஆம் தேதி அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். ‘பொது ஒழுங்கு’ என்று சொல்லிப் பேச்சுரிமையில் கைவைக்க அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்று மே 26 அன்று தடையை ரத்து செய்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் சாசனத்தையே திருத்தி, அந்தப் ‘பொது ஒழுங்கு’ என்ற வார்த்தையை உள்ளே சேர்த்தார்கள். முதல் திருத்தம். அஸ்தம்பட்டியில் ஆரம்பித்த கதை டெல்லியில் போய் நிற்கிறது பாருங்கள்.

சில வருஷம் முன்பு ஓர் உதவி இயக்குநர் தம்பியிடம் இதைச் சொன்னேன். ரோட்டோரம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துப்பாக்கிச் சூடு வந்த இடத்தில் அவர் கை அப்படியே நின்றது, பச்சைச் சட்னி மணிக்கட்டுவரை வழிந்தது. கதை முடிந்ததும், “சூப்பர் சார்” என்றார். அப்புறம், “ஹீரோ யாரு சார்?” 22 பேர் என்றேன். கை கழுவப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாதி வசனம் மலையாளத்தில், பெண் பாத்திரம் அநேகமாக இல்லை, கடைசியில் யாரும் ஜெயிக்கவும் இல்லை. எந்தத் தயாரிப்பாளர் வருவார்? அதிலும் கட்சிப் படமாக எடுத்தால் எனக்கே பிடிக்காது. துப்பாக்கியைத் தூக்கியவனுக்கும் ஒரு முகம் வேண்டும். முந்தின மாதம் கொடியேற்றத்துக்கு மிட்டாய் வாங்கித் தின்ற ஒரு தமிழ் வார்டர், மலையாளக் கைதியிடம் பாதி புரிந்தும் புரியாமலும் பேசிப் பழகியவன் என்று ஒருவனை வைத்துத்தான் நான் தொடங்குவேன்.

இன்னொன்று. அதே ரோட்டில் மலைப்பக்கம் கொஞ்சம் மேலே போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த இடம். அதே 1950 ஜூனில் அங்கிருந்து ‘மந்திரி குமாரி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கத்தி வீச, கலைஞர் வசனத்தில் ராஜகுருவின் அக்கிரமத்தை ஊரே கைதட்டிப் பார்த்தது. நீங்கள் ரூமில் சொன்ன இரண்டாவது பெயரை என் கதைக்குள் இப்படித்தான் கொண்டுவருவேன்: சிறையிலிருந்து டியூட்டி முடிந்து வரும் அந்த வார்டர், ஒரு நாள் தியேட்டரில் போய் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறான்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சங்ககிரி ஏறிவிடுங்கள். காலையிலேயே கிளம்பணும், ஏற்றம் மூச்சு வாங்கும். தண்ணீர் பாட்டில் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது.