கோபுரத்தை மட்டும் எடுத்தால் போதாது

கோத்தகிரி வாலிபால் கிளப் பேட்ஜுக்கு, தமிழ்நாடு அரசு முத்திரையில் கோபுரத்தை எடுத்துவிட்டு வரையாட்டை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாநில அரசு முத்திரையை முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோபுரத்தை எடுத்தாலும் முத்திரையில் அசோகத் தூணின் சிங்கத் தலைகள் இருக்கும்; அரசுடையது என்று தோன்றும்படி அந்தச் சின்னத்தை, அதன் சாயலில்கூட, போட 2005ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

வெறும் கேடயம் போதும். ஆனால் நீலத்தின் மேல் பழுப்பு ஆடு போட்டிருக்கிறீர்களே, பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. அடர்நிறத்தின் மேல் வெள்ளியோ (அதாவது வெள்ளை) பொன்னோதான் (அதாவது மஞ்சள்) வரவேண்டும் என்பது ஐரோப்பியக் கேடயச் சின்னங்களின் பழைய விதி, ஆட்டை வெள்ளையாக்குங்கள். முகம் பார்ப்பவரின் இடப்பக்கம் இருக்கட்டும். அப்புறம், அந்தத் தாடி! வரையாட்டுக்குத் தாடி கிடையாது. கொம்பும் குட்டையாகப் பின்னால் வளைந்திருக்கும். கீழே குறிஞ்சிக் கொத்து ஒன்று வைத்தால் போதும்.