அரக்கோணம் டூ சேப்பாக்கம்: 43 வயதில் சீசன் டிக்கெட்

கே: சென்னைப் பல்கலைக்கழக சேப்பாக்கம் வளாகத்தில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். வயது 43. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் போகவேண்டும். மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் கிடைக்குமா?

ப: கிடைக்காதும்மா. பொதுப் பிரிவு மாணவர்களுக்கு 25, ஆய்வு மாணவர்களுக்கு 35 வயதுதான் வரம்பு. ஆனாலும் சாதாரண சீசனே லாபம். மாதச் சீசனின் விலை சுமார் 15 ஒற்றைப் பயணக் கட்டணம். எட்டு நாள் போய்வந்தாலே போட்ட காசு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாதச் சீசனைப்போல 2.7 மடங்குதான். ஆனால் நடுவில் செமஸ்டர் விடுமுறை விழுந்தால் அது வீண். கல்விக் காலண்டரைப் பார்த்துவிட்டு எடுங்கள். காலாவதிக்கு 10 நாள் முன்பே புதுப்பிக்கலாம். திங்கள் காலை வரிசையில் நிற்காதீர்கள்.

பலர் மாட்டுவது எக்ஸ்பிரஸில். லோக்கல் வண்டி சென்னை சென்ட்ரல் வரை 69 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதால் ஆசை வரும். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் சீசனோடு கூடுதல் கட்டணமும் கட்டவேண்டும். முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் சீசன் இருந்தும் டிக்கெட் இல்லாத பயணிதான்: பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சீசனில் எழுதிய அடையாள அட்டையை மறந்தாலும் வம்புதான்.

சென்ட்ரலில் இறங்கியதும், பக்கத்திலுள்ள பார்க் டவுன் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் இரண்டாவது நிறுத்தம்.

கே: வண்டியில் படிக்க முடியுமா?

ப: அரக்கோணத்திலேயே புறப்படும் லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தால் ஆவடி வரை நிம்மதி. அதன்பின் முழங்கை இடிக்கும். ஆட்டத்தில் எழுத்து கோணும். குறிப்பெடுப்பதை வளாகத்துக்கு வைத்துக்கொண்டு, வண்டியில் வாசிப்பு மட்டும்.