ஜெர்மன் பட்டர் பிஸ்கட் அவனில் பரந்து போவது ஏன்?

நட்சத்திர அச்சில் வெட்டிய பிஸ்கட் அவனில் உருவம் இழக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வெண்ணெய் இளகியதுதான் காரணம்.

ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கு வீடு சுடும் இந்தப் பிஸ்கட்டின் மாவுக்கு 1-2-3 என்றொரு கணக்கு உண்டு: பொடித்த சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200, மைதா 300. கூடவே ஒரு முட்டை, கொஞ்சம் வெனிலா, எலுமிச்சைத் தோல் துருவல். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதுவும் உருவத்தைக் கெடுக்கும்.

சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாதீர்கள், பிஸ்கட் கெட்டியாகிவிடும். ஒன்று சேர்ந்ததும் தட்டையாக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம். அப்புறம் 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, தட்டோடு இன்னும் 10 நிமிடம் குளிர வையுங்கள். முனை மழுங்காமல் இருக்க இதுதான் முக்கியம்.

180 டிகிரியில் சுமார் 10 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும்.