சிறைக் கைதிகளுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. விசாரணைக் கைதிகள் விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. தண்டனைக் கைதிகள் விஷயத்தில் கொஞ்ச நாள் தயங்கியிருக்கிறேன்.

ஒரு காலத்தில் நானும் "சட்டத்தை மதிக்காதவனுக்குச் சட்டம் இயற்றுபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எதற்கு?" என்று கேட்டவன்தான். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5)ஐ ஒருமுறை நிதானமாகப் படித்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகிவிட்டது. சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் ஓட்டுப் போட முடியாது என்கிறது அது. என்ன குற்றம், குற்றம் நிரூபணமானதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஆள் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா, அவ்வளவுதான் கணக்கு. (கைதியைக் கடல் கடந்து நாடு கடத்தும் தீவாந்தர தண்டனை 1950களின் நடுவிலேயே ஒழிக்கப்பட்டது, அது கூட இன்னும் அந்தப் பிரிவின் வாசகத்தில் இருக்கிறது. பிரிவின் வயது அதிலேயே தெரிகிறது.)

இதன் விளைவைப் பாருங்கள். கொலை வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனில் வெளியே இருப்பவர் வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். டூவீலர் திருட்டு வழக்கில் ரிமாண்டில் இருந்துகொண்டு, ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர் போட முடியாது. இன்னொரு வேடிக்கை, தடுப்புக் காவலுக்கு, அதாவது இனி குற்றம் செய்யலாம் என்று முன்கூட்டியே பிடித்து வைப்பதற்கு, மட்டும் விதிவிலக்கு உண்டு. குண்டாஸ் போட்டு உள்ளே வைக்கப்பட்டவருக்குத் தபால் ஓட்டு உண்டு, சாதாரண ரிமாண்ட் கைதிக்குக் கிடையாது!

இது யாரோ நாலு பேர் பிரச்சினை இல்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. நாலில் மூன்று பேர். இவர்களில் நாளைக்கு விடுதலையாகப் போகிறவர்களும் உண்டு. போன தேர்தலை அவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இந்தப் பிரிவை எதிர்த்த வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அத்தனை கைதிகளுக்கும் பாதுகாப்புப் போட்டு வாக்களிக்க வைக்கப் போலீசும் வசதியும் போதாது, சிறைக்குப் போனது அவரவர் நடத்தையால்தான், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் சில. கடைசிக் காரணத்தைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஏனென்றால் இன்று உள்ளே இருக்கும் விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம்! 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஓட்டுப் போட முடியாதவர் வாக்காளரே அல்ல, அதனால் போட்டியிடவும் முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பட்டியலில் பெயர் இருந்தால் அவர் வாக்காளர்தான் என்று ஆக்கிவிட்டது. ஓட்டுத் தடையை மட்டும் தொடவில்லை. வேட்பாளருக்கு வலித்தால் எவ்வளவு சுறுசுறுப்பு! 2024 மக்களவைத் தேர்தலில் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத் அங்குள்ள பாரமுல்லா தொகுதியில் ஜெயித்தார். ஜெயித்த அவருக்கே அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வழியில்லை.

போலீஸ் போதாது என்ற வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஆனால் தடுப்புக் காவல் கைதிக்குச் சிறைக்குள் வந்து போகிற தபால் சீட்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்கும் வரலாமே. சிறை இருக்கும் தொகுதியின் முடிவையே கைதிகள் மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில், தபால் ஓட்டு சொந்தத் தொகுதிக்குத்தான் போகும். கனடாவிலும் கைதியின் ஓட்டு சிறை இருக்கும் தொகுதியில் சேர்வதில்லை.

சரி, குற்றம் நிரூபணமானவர்கள்? நான் தயங்கிய இடம் இதுதான். தண்டனை என்றால் நடமாடும் சுதந்திரம் போகிறது, அது புரிகிறது. அதோடு குடிமகன் என்ற அந்தஸ்தும் சேர்ந்து போக வேண்டுமா? 2002இல் கனடா உச்ச நீதிமன்றம் போகக் கூடாது என்றது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்தான். அங்கேயே அவ்வளவு இழுபறி. தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 1999லேயே கைதிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டது. பிரிட்டன் கதை நேர் எதிர். ஒட்டுமொத்தத் தடை தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் சொல்லியும் பல வருடம் மசியவே இல்லை.

என் மனதை மாற்றியது இன்னொரு யோசனை. சிறையில் எத்தனை பேரை அடைக்கிறார்கள், மருத்துவர் வருகிறாரா, வழக்கு எத்தனை வருடம் இழுக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அரசுகள். அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்றால் எந்த வேட்பாளர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்? பத்து வருடம் கழித்து வெளியே வந்து ஒழுங்கான குடிமகனாக இரு என்று சொல்லப் போகிறோம். அந்தப் பத்து வருடமும் நீ இந்தக் கணக்கிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு அதை எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அப்போ எல்லாருக்குமா?" என்று கமென்ட்டில் கேட்கத்தான் போகிறீர்கள். ஜெர்மனி முறை எனக்குப் பிடிக்கும். கைதிகள் பொதுவாக ஓட்டுப் போடலாம். தேசத் துரோகம், தேர்தல் மோசடி போன்ற சில குறிப்பிட்ட குற்றங்களுக்கு மட்டும், நீதிபதி தனியாகத் தீர்மானித்து 2 முதல் 5 வருடம் வரை ஓட்டுரிமையைப் பறிக்கலாம். கள்ள ஓட்டுப் போட்டு உள்ளே போனவரிடமிருந்து ஓட்டைப் பிடுங்கினால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.