ஐந்து அங்குலத்தை வைத்து என்ன அறுக்கப் போகிறீர்கள்?

கேள்வி: கால்நடைத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். மூட்டை, அட்டைப்பெட்டி என்று நாள் முழுக்க எதையாவது பிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சட்டைப்பையில் எப்போதும் வைத்துக்கொள்ள நல்ல மடக்குக்கத்தி எது? பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் ஐந்து அங்குலக் கத்தி ஒன்றை நண்பர் சிபாரிசு செய்கிறார். இரவில் கல்லாப் பணத்தோடு தனியாக வீடு திரும்புகிறேன். தற்காப்புக்கும் ஆகும் என்கிறார். லண்டனில் படிக்கும் மகனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மூட்டையிலிருந்தே தொடங்குவோம். தீவன மூட்டையைப் பிரிக்கக் கத்தி எதற்கு? ஆலையிலிருந்து வரும் சாக்கின் வாயில் ஓடுவது சங்கிலித் தையல். ஒரு முனையில் இழுத்தால் இறுகும். மறுமுனையில் நுனி நூலை இரண்டு கண்ணி தளர்த்திவிட்டு இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கழன்று கையோடு வந்துவிடும். எந்த முனை என்று உங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவரைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். கத்தியை வைத்தால் நூலோடு சாக்கின் வாயும் கிழியும். காலிச் சாக்குக்கு என்ன விலை என்று தீவனக் கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அடுத்தது அட்டைப்பெட்டி. அதற்கும் மடக்குக்கத்தி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பேப்பர் கட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டால் அடுத்த துண்டு புதுக்கூரோடு நிற்குமே, அதுதான். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒசாகாவில் அச்சகத் தொழிலாளியாக இருந்த யோஷியோ ஒகாடா, நாளெல்லாம் காகிதம் வெட்டி மழுங்கிப்போகும் பிளேடுகளை வீணாகத் தூக்கியெறிய மனமில்லாமல் 1956இல் இதைச் செய்தார். செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடியின் விளிம்பால் தோலைச் சீவுவதையும், கோடு போட்ட சாக்லேட் கட்டி துண்டு துண்டாக ஒடிவதையும் பார்த்து வந்த யோசனை அது. ஜப்பானிய மொழியில் 'ஒரு' என்றால் ஒடித்தல், 'ஹ' என்றால் கத்தியின் அலகு. இந்தக் கட்டரை விற்கும் ஒல்ஃபா நிறுவனத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. கடைக்கு இரண்டு கட்டர் வாங்கிச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒடித்த துண்டுகளைத் தரையில் போடாதீர்கள், ஒரு பழைய டப்பாவில் சேருங்கள். சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளி மாட்டுக்குப் போடுகிற வழக்கம் உங்கள் கடையில் இல்லாமலா இருக்கும்?

இப்போது சட்டைப்பைக் கத்திக்கு என்ன வேலை மிச்சம்? நிறைய. எங்கள் அலுவலகத்துக்கு அச்சகத்திலிருந்து இதழ்க் கட்டு வந்து இறங்கும்போது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க என் கத்தி வெளியே வரும். அதன் பிறகு பென்சில், கூரியர் உறை, புதுச் சட்டையில் பின்னங்கழுத்தைக் குத்தும் லேபிள், கொய்யாப்பழம், விரலில் ஏறிய சிராய். இத்தனைக்கும் போதுமான அலகின் நீளம் உங்கள் ஆள்காட்டி விரல் அளவுதான். என்னிடம் இருப்பது மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் உள்ள சிவப்பு சுவிஸ் கத்தி. அதன் பெரிய அலகே ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை ஆண்டுகளில் அது நீளம் போதாமல் தவித்தது ஒரே ஒரு முறை, தர்பூசணிப் பழத்தின் முன்னால்.

ராணுவக் கத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று உங்கள் நண்பர் கேட்பார். கேட்கட்டும். 1890இல் சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கேட்ட கத்தியில் ஓர் அலகு, துளை போட ஓர் ஊசி, டின் திறக்க ஒன்று, திருப்புளி ஒன்று இருந்தன. அப்போது புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் திருப்புளி தேவைப்பட்டது, டின்னில் அடைத்த உணவைத் திறக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அத்தனை கத்திகளைச் செய்யும் வசதி உள்ளூரில் யாருக்கும் இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் ஜோலிங்கனிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸெனர் 1891இல்தான் தன் கத்திகளை ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். துப்பாக்கி வைத்திருந்தவனே சட்டைப்பைக் கத்தியைச் சண்டைக்குக் கேட்கவில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். ஓலையில் எழுதிய காலத்தில் ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் கத்தியுமாக வாரெழுத்தாணி இருந்தது. ஓலையை வாரி ஒழுங்கு செய்ய அந்தக் கத்தி. பிடிக்குள் மடங்கி அடங்கும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. பிறகு இறகுப் பேனாவைச் சீவ வந்த சின்னக் கத்திக்குப் பேனாக்கத்தி என்ற பெயர் நிலைத்தது. இறகு போய், மைக்கூடு போய், கத்தியின் பெயரில் மட்டும் பேனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது பேனாக்கத்தி. நண்பர் சொல்வது வேறு இனம்.

அந்த இனத்தைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஆகாத, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதங்களின் பட்டியலில் வைக்கின்றன. என்னுடையது ஐந்துதானே என்று மகிழ வேண்டாம். டெல்லியில் 1980இல் வந்த அறிவிப்பு, பொத்தான், வில் போன்ற விசையால் திறக்கும் கத்திக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று கோடு கிழித்துவிட்டது. உங்கள் ஐந்து அங்குலம் 12.7 சென்டிமீட்டர். நாமக்கல் டெல்லி இல்லை என்பீர்கள். சரி, இரவு பதினோரு மணிக்கு வாகனச் சோதனையில் நிற்கும் காவலரிடம் அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டி, 'தீவன மூட்டை பிரிக்க, சார்' என்று சொல்லிப் பாருங்கள்.

தற்காப்பு என்கிறீர்கள். இருட்டில் ஒருவன் வழிமறிக்கிறான். உங்கள் ஒரு கை வண்டியின் கைப்பிடியில், மற்றொன்று பணப்பையில். கத்தி சட்டைப்பையில், சாவிக்கொத்துக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் அடியில். மூன்றாவது கை எங்கே இருக்கிறது? எடுத்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணத்துக்காக வந்தவன் இப்போது தன் உயிருக்காகச் சண்டை போடுவான். கத்தி எந்தக் கையில் போய் முடியும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கல்லாவை மாலையிலேயே வங்கியில் கட்டுங்கள். முடியாத நாளில் துணைக்கு ஓர் ஆளோடு கிளம்புங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதீர்கள். அந்த எண்ணத்தில் கத்தி வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

வேலைக்குத்தான் என்றால் வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். பத்து முறை திறந்து மூடுங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது, மடங்கும்போது நடுவில் போய் உட்கார வேண்டும். கையை நனைத்துக்கொண்டு நகம் வைக்கும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். ஈரக்கையால் திறக்க முடியாத கத்தி பாதி நாள் பயன்படாது. நடைபாதையில் அதே சிவப்பு நிறத்தில் பதினோரு கருவிகளோடு கிடைப்பதை நானும் ஒருமுறை வாங்கினேன். திருப்புளி முதல் திருகிலேயே முறுக்கிக்கொண்டது. அலகை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அது கடைசிவரை வெண்ணெய் வெட்டியது.

எளிமையாக, மரப்பிடியோடு வேண்டுமென்றால் பிரான்ஸின் ஒப்பினெல் இருக்கிறது. 1890 முதல் ஏறக்குறைய அதே உருவம். 1955இல் சேர்த்த வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய ஆறாம் எண் நம் சட்டைப்பைக்குப் போதும். ஒரு குறை: பீச் மரப்பிடி ஐப்பசி மழையில் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், அலகைத் திறக்க மல்லுக்கட்ட வேண்டும். கார்பன் எஃகு அலகு வாங்கினால் எலுமிச்சம்பழம் அறுத்த பத்தாவது நிமிடம் கறுக்கும், துடைக்காமல் மடக்கினால் துருவும் ஏறும். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டில் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எஃகின் பெயரை வைத்து நண்பர் உங்களைப் பயமுறுத்தியிருப்பார். விலையுயர்ந்த எஃகு, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60க்கு மேல் போகும். கூர் நெடுநாள் நிற்கும், போய்விட்டால் வைரத்தூள் பதித்த தகட்டைத் தேட வேண்டும். சுவிஸ் கத்தி 56 அருகில் நிற்கிற மெத்தென்ற எஃகு. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அலகைச் சாய்வாகப் பிடித்து, முதுகுப்பக்கம் இரண்டு நாணயம் செருகும் அளவுக்குத் தூக்கி, வளையத்தில் ஒரு மெல்லிய தோலைச் சீவுவதுபோல இந்தப் பக்கம் ஐந்து இழுப்பு, அந்தப் பக்கம் ஐந்து இழுப்பு. அழுத்த வேண்டாம். சத்தம் கரகரவென்று தொடங்கி மெலிந்துகொண்டே வரும்; மெலிந்ததும் நிறுத்திவிட்டுச் செய்தித்தாளின் ஓரத்தைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுந்தால் சரி. தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் இந்தச் சின்னக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மணைக்கு அவர் ராஜா. அவருடைய சக்கரத்தின் வேகத்துக்கு இந்த மெல்லிய அலகு சூடேறிப் பதம் போய்விடும். மூட்டில் விடுவதற்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துச் சட்டைப்பைப் பஞ்சையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழம் நறுக்குமுன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

என் இடது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. மழுங்கிய கத்தியால் தேங்காய் நார்க் கயிற்றை அழுத்தி அறுத்து, வழுக்கி வந்தது. பூட்டு இல்லாத கத்தியில் இன்னொன்றும் உண்டு: நுனியால் எதையாவது குத்தினால் அலகு மடங்கி விரலைக் கவ்வும். இழுத்து அறுக்கலாம், குத்தக்கூடாது.

கடைசியாக லண்டன். மகனுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க முடிவது மூன்று அங்குலத்துக்கு மிகாத கூர்விளிம்புள்ள, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தி மட்டுமே. நான் மேலே புகழ்ந்த ஒப்பினெல்கூட அந்த வளையத்தால் தகுதி இழந்துவிடும். தக்க காரணம் காட்ட முடியாவிட்டால் நான்கு ஆண்டு வரை சிறை. அவனுக்கு வேண்டியது அறையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தரிக்கோல். அதை அங்கேயே வாங்கிக்கொள்வான்.

நீங்கள் அவனைப் பார்க்கப் போவதாக இருந்தால், கிளம்புமுன் கத்தியைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் விமானத்தில் சரக்கோடு ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கைப்பையில் அதை விடமாட்டார்கள். என்னுடைய முதல் கத்தியை நான் ஒரு விமான நிலையச் சோதனையில்தான் விட்டேன். பணியில் இருந்த பெண் கோபப்படவில்லை, பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே திருப்புளிகள், ஏழெட்டுப் பேனாக்கத்திகள், அவற்றின் மேல் பித்தளைப் பிடி போட்ட ஒரு பாக்குவெட்டி. எந்தப் பாட்டியுடையதோ, வாயில் இன்னும் பாக்குத்தூள் ஒட்டியிருந்தது.