சமையற்கட்டுச் சான்றிதழ்: வாசகர் கேள்விகள்

கே: டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த டேக்அவே கடையை வாங்கியிருக்கிறேன். பழைய முதலாளியின் சிஓஏ (கடை உணவு விற்கத் தகுதியானது என்று நகராட்சி தரும் சான்றிதழ்) சுவரிலேயே இருக்கிறது. அதை வைத்தே நடத்தலாமா?

ப: கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2018-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதியான ஆர்638-இன்படி சிஓஏ கைமாறாது. கடை திறப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் நகராட்சி சுகாதாரப் பிரிவில் விண்ணப்பியுங்கள்.

கே: என் ஆட்களுக்கு அரசாங்க உணவுக் கையாளுநர் அட்டை எங்கே கிடைக்கும்?

ப: அப்படி ஒரு தேசிய அட்டை இங்கே கிடையாது. சிஓஏ கடைக்கு, பயிற்சி ஆளுக்கு. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் குழப்பம் தீரவில்லை. பொறுப்பாளர் முதலில் பயிற்சி பெற வேண்டும். பிறகு ஆட்களுக்குப் பயிற்சி தரச் செய்து, பெயர், தேதி, கற்ற பாடம் மூன்றையும் பதிந்து வைக்க வேண்டும்.

கே: ஐந்து பேருக்கும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனாலும் குளிர் அறையில் இருந்த பிரியாணிக்காக இன்ஸ்பெக்டர் குறை எழுதிவிட்டார். இது நியாயமா?

ப: முழு நியாயம். சட்டியோடு உள்ளே வைத்தீர்களா? எத்தனை டிகிரி இருந்தது? இரண்டையும் உங்கள் கேள்வியில் எழுதவில்லை. நம் டர்பன் பிரியாணியில் மைசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். 40 லிட்டர் சட்டியை மூடி வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் பேசிலஸ் சீரியஸின் வித்துகள் வெந்த பிறகும் சாகாது. அந்தச் சூட்டில் முளைத்து நஞ்சைக் கக்கும். மறுநாள் எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சான்றிதழை ஃப்ரேம் போடுகிறவர்கள் நாலு தட்டு வாங்க யோசிக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வியாபாரம் முடிந்ததும் அகலத் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5-க்கும் இறங்க வேண்டும். ஆவி அடங்கிய பிறகே மூடுங்கள். நேரத்தையும் சூட்டையும் எழுதுங்கள். இதைச் செய்யத் தெரியாதவர் பயிற்சி பெற்றவர் அல்ல.

கே: ஜோஹானஸ்பர்க் கிளையில் தெர்மாமீட்டர் கொதிநீரில் 95 காட்டுகிறது. பழுதா?

ப: இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 94, 95-லேயே கொதிக்கும். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் சோதியுங்கள். எந்த ஊரிலும் 0 காட்ட வேண்டும்.

கே: கையுறை போட்டால் கை கழுவ வேண்டுமா?

ப: போடுவதற்கு முன்பும், கழற்றிய பிறகும். பச்சைக் கோழியைத் தொட்ட உறையோடு பன்னி சௌவை (கறி நிரப்பிய ரொட்டி) தொடாதீர்கள்.

கே: சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கு. சான்றிதழ் இருக்கிறதே, வேலைக்கு வரலாமா?

ப: வரக்கூடாது. நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையற்கட்டுப் பக்கமே விடாதீர்கள்.