சரிவு தரும் லாபம், உராய்வு கேட்கும் வட்டி

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு 80 டன் கல்லை சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து 6 கிலோமீட்டருக்குச் சாய்தளம் கட்டி ஏற்றினார்கள் என்கிறார்களே, நடக்கிற காரியமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கல்லைப் பற்றி. உச்சியில் இருப்பது ஒற்றைக் கல் அல்ல, பல துண்டுகளைப் பொருத்திச் செய்த சிகரம். ஆகவே 80 டன்னை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டிய அவசியமே எழவில்லை.

இனி சாய்தளம். விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அதற்கு 6,000 மீட்டர் நீளத்தில் மண்ணைக் கொட்டினால் 100க்கு 1 என்ற சரிவு கிடைக்கும். மேலே 8 மீட்டர் அகலப் பாதை விட்டு, இரு பக்கமும் மண் சரியாமல் நிற்க 1 மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று விரித்துப் பாருங்கள். கோயிலை ஒட்டிய முனையில் அடி அகலம் 188 மீட்டர் வரும். கோயிலின் திருச்சுற்று மதிலுக்கே அகலம் சுமார் 120 மீட்டர்தான்! மொத்த மண் ஏறக்குறைய 1.2 கோடி கன மீட்டர். இன்றைய லாரிக் கணக்கில், 6 கன மீட்டர் வீதம், 20 லட்சம் நடை. கோயிலைக் கட்டுவதைவிட மண் கொட்டுவதுதான் பெரிய வேலையாகியிருக்கும்.

சரி, அவ்வளவு நீட்டினால் ஆள் பலமாவது மிச்சமா? 4 டன் கல்லை மரச்சட்டத்தில் வைத்து, எண்ணெய் தடவிய மரத்தின் மேல் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். உராய்வு எடையில் கால் பங்கு, அதாவது 1,000 கிலோ. 100க்கு 1 சரிவில் ஏற்றத்துக்காகச் சேர்வது 40 கிலோ. மொத்தம் 1,040. ஆளுக்கு 25 கிலோ இழுவை என்றால் 42 பேர் வேண்டும். அதே கல்லை 10க்கு 1 சரிவில் இழுத்தால் சுமார் 1,400 கிலோ, 56 பேர். பாதையைப் பத்து மடங்கு நீட்டி மிச்சப்படுத்தியது 14 ஆள்! சரிவைக் குறைக்கக் குறைக்க ஏற்றத்தின் பாரம்தான் குறையும், உராய்வு அப்படியே நிற்கும். பள்ளிப் பாடத்தில் உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் இந்த 6 கிலோமீட்டர் கதை நம்பும்படி இருக்கிறது.

உருளைத்தடி போட்டால் உராய்வு வெகுவாகக் குறையும், ஆனால் வேறு தொல்லை வரும். வெறும் மண்ணில் தடி புதையும், எனவே பலகை பாவ வேண்டும். ஒரு தடி கோணலாக விழுந்தால் சட்டம் முழுவதும் பக்கவாட்டில் ஓடும். எல்லாவற்றையும்விட, எண்ணெய் தடவிய மரத்தில் கயிற்றை விட்டாலும் உராய்வே கல்லைப் பிடித்து நிறுத்திவிடும். உருளையில் கல் திரும்பி ஓடிவரும். அதனால் அடிக்கு அடி பின்னால் ஒருவர் முட்டுக்கட்டை கொடுத்துக்கொண்டே வர வேண்டும். தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை.

குட்டையான, சற்றுச் செங்குத்தான சரிவுகளைக் கட்டடத்தை ஒட்டியே படிப்படியாக உயர்த்திக்கொண்டு போவதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது.

கேள்வி: ஐரோப்பாவில் உயரமான தேவாலயங்களுக்கும் சாய்தளம்தானா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அங்கே ஆள் உள்ளே நின்று நடக்கும் பெரிய மரச்சக்கரம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இது கட்டுமானத் தளங்களில் பரவியது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தின் கோபுரத்துக்குள் இப்படி ஒரு சக்கரம் இன்றும் இருக்கிறது. பிரான்ஸின் கெடலோனில் 1997 முதல் பழைய முறையிலேயே ஒரு கோட்டை கட்டிவருகிறார்கள்; அங்கே இத்தகைய சக்கரம் வேலை செய்வதையே பார்க்கலாம்.

சக்கரத்தின் விட்டம் 4.5 மீட்டர், வடம் சுற்றும் அச்சின் விட்டம் 32 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். விகிதம் 14. உடனே 65 கிலோ ஆள் 900 கிலோ தூக்குவார் என்று பெருக்கிவிடாதீர்கள். அவர் சக்கரத்தின் விளிம்போரத்தில் தொங்கவில்லை, அடிப்பகுதியில்தான் நடக்கிறார். 30 பாகை உயரத்தில் நின்றால் அவருடைய எடைக்குக் கிடைக்கும் நெம்புகோல் ஆரத்தில் பாதிதான். ஆக 7 மடங்கு, 455 கிலோ. அச்சும் கப்பியும் தின்றது போக 350 கையில் நின்றால் நல்லது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல் ஏறுவது 1 மீட்டர், ஆள் நடப்பது 14 மீட்டர். 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் ஏற 400 மீட்டருக்கு மேல் நடை!

இதில் அனுபவப்பட்டால்தான் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. 4 சென்டிமீட்டர் வடம் அச்சின் மேல் இரண்டாம் அடுக்கு ஏறிவிட்டால் அச்சு 40 சென்டிமீட்டர் ஆனதற்குச் சமம். 14 மடங்கு 11 ஆகிவிடும். உச்சியை நெருங்கும்போது கல் திடீரென்று கனப்பது இதனால்தான். வடம் ஒரே அடுக்காகப் படியும் அளவுக்கு அச்சு நீளமாக இருக்க வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவதுதான் ஆபத்து. கை நழுவினால் பாரம் சக்கரத்தைச் சுழற்றும், உள்ளே இருப்பவரும் சேர்ந்து சுழல்வார்.

கேள்வி: பாறையைப் பிளக்கும் ஆப்பும் சாய்தளம்தான் என்று படித்தேன். எப்படி?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: சாய்தளத்தில் பாரம் நகர்கிறது, ஆப்பில் சரிவே நகர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மாமல்லபுரம் பக்கம் போனால் பாறைகளில் வரிசையாக வெட்டிய குழிகளைப் பார்க்கலாம். ஆப்பின் நுனி குழியின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் சம்மட்டி அடியின் பலம் முழுவதும் கீழே போய்விடும், பக்கச் சுவரைத் தள்ளாது. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றுக்கும் ஓரிரு அடி, பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் விரிசல் தன்னிஷ்டத்துக்கு ஓடும்.

கேள்வி: மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையில் மாடுகள் ஏன் சரிவில் இறங்குகின்றன?
- வாசகர், விருதுநகர்

பதில்: அங்கே சரிவு பாரத்துக்காக அல்ல, மாட்டுக்காக. இறங்கும்போது மாட்டின் சொந்த எடையும் வடத்தை இழுக்கிறது. ஜோடி 600 கிலோ, சரிவு 10 பாகை என்றால் எடை மட்டுமே தரும் இழுவை சுமார் 100 கிலோ. ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதும் இதற்காகத்தான். சரிவைக் கூட்டினால் இழுவை கூடும், ஆனால் திரும்பி ஏறுவதிலேயே மாடு களைத்துவிடும்.

தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சாலின் அடியில் தும்பி, அதாவது நீரை வெளியே விடும் தோல் குழாய், இருக்கும்; அதற்குத் தனியாக ஒரு கயிறு, வால்கயிறு. அது நீளமாகிவிட்டால் தும்பியின் வாய் சாலின் விளிம்புக்குக் கீழே தொங்கி, ஏறும்போதே தண்ணீர் கிணற்றில் கொட்டும். குட்டையானால் பாரம் முழுவதும் தோலில் விழுந்து தும்பி கிழியும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் வடத்தை நீட்டினால் மட்டும் போதாது. மாடு நடக்கும் சரிவையும் அதே அளவுக்கு நீட்டி வெட்ட வேண்டும்.